எந்தத் தெரு? ஆங்கிலப் பாடநூல்களில் நாம் இருக்கும் இடம்



இந்தச் சொற்பொழிவு யார் நினைவாக நடக்கிறதோ அந்த ஆசிரியரை இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு நேரில் தெரியும். காலனிப் பிள்ளைகளுக்கு அவர் நடத்திய மாலை வகுப்பில் படித்தவர்கள் நீங்கள். அவரிடமிருந்த ஆங்கிலப் பாடநூல்களை அவர் வீட்டார் நம் அமைப்புக்குக் கொடுத்தபோது புரட்டிப் பார்த்தேன். பல பாடங்களின் ஓரத்தில் பென்சிலால் ஒரே கேள்வியை எழுதி வைத்திருந்தார்: ‘இது யாருக்கு எழுதினது?’ இன்றைய பேச்சு அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். நானும் ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடம் அந்தப் பாடங்களை நடத்தியும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

நமக்கும் ஆங்கிலத்துக்கும் இந்த வட்டாரத்தில் உள்ள உறவு பழையது. சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்திலேயே மல்ரோசாபுரம் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஸ்காட்லாந்தில் உள்ள மெல்ரோஸ் என்ற ஊரின் பெயரைத்தான் நம் வாய் சொல்கிறது. செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ, 1890களில் நிலமற்ற பறையர் குடும்பங்களுக்காக ஏற்படுத்திய குடியிருப்பு அது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் நம் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதியது 1891இல். பஞ்சமி நிலத்துக்கு அடிப்படையான அரசாணை வந்தது 1892 செப்டம்பர் 30இல். அதற்கு அடுத்த வருடமே பஞ்சமர் கல்விக்கென்று தனி ஆணை வந்தது. நிலத்தைக் கேட்ட அதே காலத்தில்தான் எழுத்தையும் கேட்டிருக்கிறோம். நிலத்துக்கான வழக்கு இன்னும் தாலுகா ஆபீஸ்களில் கிடக்கிறது. எழுத்து கிடைத்துவிட்டதா என்றால், பள்ளிக்கூடம் கிடைத்தது. புத்தகத்தை வேறு யாருக்கோ எழுதியிருந்தார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போனது எப்படி இருந்தது என்பதற்கு நம் மாவட்டத்துக்காரர் ஒருவரே சாட்சி. இரட்டைமலை சீனிவாசன் மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி 1939இல் வெளியிட்ட தன் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் எழுதியிருக்கிறார். சுமார் நானூறு மாணவர்களில் பத்துப் பேர் போக மீதிப் பேர் பிராமணர்கள். மற்றப் பிள்ளைகளோடு பழகினால் ஊர் எது, குடும்பம் எது, உறவினர் யார் என்று கேட்பார்கள், சாதி தெரிந்துவிடும் என்ற பயம் அவருக்கு. அதனால் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். ஆசிரியர் வகுப்பை முடித்ததும், யாரும் பேச்சுக் கொடுப்பதற்கு முன் வேகமாக வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவார். அப்படி ஒதுங்கி ஒதுங்கிப் படித்தவர்தான் 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு உட்கார்ந்தார். ‘எந்த ஊர், எந்தத் தெரு?’ என்று அவர் பயந்த அந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அது ஆங்கிலப் பாடநூலுக்குள்ளேயே வரப்போகிறது.

அந்தக் காலத்துப் பாடநூல்களைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ஜான் மர்டாக் என்ற மிஷனரி, அரசாங்கப் பாடநூல்களில் விக்கிரக வணக்கமும் ஒழுக்கக்கேடும் மலிந்திருக்கின்றன என்று 1872இல் ஒரு நூல் எழுதினார். 1873இல் இந்திய அரசு எல்லா மாகாணங்களிலும் பாடநூல்களைப் பரிசீலிக்கச் சொன்னது. சென்னை மாகாணத்திலும் குழு போட்டார்கள். சண்டை யாருக்கும் யாருக்கும் என்று பார்த்தால், கிறித்தவ ஒழுக்கம் ஒரு பக்கம், இந்து சாஸ்திரம் இன்னொரு பக்கம், இங்கிலாந்தின் பனியும் புல்வெளியும் மூன்றாவது பக்கம். சேரிப் பிள்ளை அந்த வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை.

அதன் மிச்சம் என் காலம்வரை வந்தது. நான் படித்த ஒரு பாடத்தில் ‘ஹெட்ஜ்’ என்ற சொல் வந்தது. அங்கே அது பூச்செடி வரிசை, குருவி கூடு கட்டும் இடம். எங்கள் வாத்தியார் அதற்கு ‘வேலி’ என்று பொருள் சொன்னார். வேலி என்றால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஆண்டையின் கழனியைச் சுற்றிப் போட்ட முள் மட்டும்தான். அந்தப் பாடத்தில் பையன்கள் ஏன் வேலி ஓரமாகச் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மார்க் மட்டும் வந்தது.

இப்போது இன்றைய புத்தகத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசின் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் ‘தி சீக்ரெட் ஆஃப் தி மெஷின்ஸ்’ என்ற கவிதை இருக்கிறது. எழுதியவர் ரட்யார்ட் கிப்ளிங். ‘வெள்ளையனின் சுமை’ எழுதினாரே, அதே கிப்ளிங்தான். இந்தக் கவிதையும் முதலில் ஒரு பள்ளிப் பாடநூலுக்காகத்தான் எழுதப்பட்டது. ஃப்ளெட்சர் என்ற வரலாற்றாசிரியரும் கிப்ளிங்கும் சேர்ந்து 1911இல் வெளியிட்ட ‘எ ஸ்கூல் ஹிஸ்டரி ஆஃப் இங்கிலாந்து’ என்ற நூல் அது. உரைநடை ஃப்ளெட்சருடையது, பாட்டு கிப்ளிங்குடையது. மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின மக்களைச் சோம்பேறிகள், முன்னேறவே முடியாதவர்கள் என்று இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நூல். பேரரசின் பெருமையைப் போதிக்க எழுதிய புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் நூறு வருடம் கடந்து, கடல் கடந்து, நம் பள்ளிக்கூடத்து மேசைக்கு வந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை. எனக்கே பணி ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கவிதை மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. தாளக்கட்டு நன்றாக இருக்கிறது, பிள்ளைகள் சுலபமாக மனப்பாடம் செய்கிறார்கள். அதில் இயந்திரங்களே பேசுகின்றன. தாங்கள் எப்படி உருவானோம் என்று முதல் நாலு வரியில் ஒன்பது வினைகளை அடுக்குகின்றன. ஒன்பதும் செயப்பாட்டு வினை. சுரங்கத்திலிருந்து எடுக்கப்பட்டோம் என்று தொடங்கி, உருக்கப்பட்டு, வெட்டப்பட்டு, அளந்து பொருத்தப்பட்டது வரை வருகிறது. எடுத்தவன் யார், உருக்கியவன் யார், அராவி அளந்தவன் யார் என்பது இல்லை. கடைசியில், நாங்கள் உங்கள் மூளையின் பிள்ளைகள் என்று சொல்லி இயந்திரங்கள் முடிக்கின்றன. மூளை வருகிறது, கை எங்கேயும் வரவில்லை.

இந்த ஊரில் இதைப் படிக்கிற பிள்ளை யார் என்று யோசியுங்கள். அதன் அப்பா ஒரகடத்தில் காண்ட்ராக்ட் லேபர். அக்கா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நைட் ஷிப்ட். பாட்டி அதே நிலத்தில் நாற்று நட்டவள். எங்களைக் கையாள்வதில் தவறினால் உங்கள் உயிர் போகும் என்றும் அந்தக் கவிதையில் இயந்திரம் எச்சரிக்கிறது. 2010இல் ஸ்ரீபெரும்புதூர் கைபேசி ஆலையில் ஓர் இளம் பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி இறந்துபோனார். அதற்குப் பிறகும் இந்த எச்சரிக்கையைத் தொழிலாளியின் தவறாகவே வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தால், கிப்ளிங்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அதே பத்தாம் வகுப்பில் ‘வாய்ஸ்’ மாற்றும் இலக்கணம் உண்டு. செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்றும்போது செய்தவர் பெயர் தெரியவில்லை என்றால் ‘பீப்பிள்’, ‘சம்படி’, ‘தே’ என்று எதையாவது போட்டுக்கொள் என்று கைடு சொல்கிறது. மாலை வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இந்தக் கவிதையின் வினைகளையே எடுத்துச் செய்வினையாக மாற்றிக்கொண்டு வந்தாள். ‘தே’ என்று போடவில்லை. காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் என்று போட்டிருந்தாள். பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் கிடைக்குமா சார் என்று கேட்டாள். இலக்கணப்படி சரிதான், திருத்துகிறவரைப் பொறுத்தது என்றேன். உண்மையான பதில் அதுதான்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுகிற பாடம். இது மாநிலப் பாடத்திட்டத்தில் இல்லை. என்சிஇஆர்டி 2007இல் கொண்டுவந்த பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் துணைநூலான ‘விஸ்டாஸ்’ஸில் இருக்கிறது. பாடத்தின் பெயர் ‘குழந்தைப் பருவ நினைவுகள்’. முதல் பாதி, அமெரிக்கப் பழங்குடிப் பெண் ஜிட்கலா-ஸா 1900இல் எழுதிய தன்வரலாற்றின் ஒரு துண்டு. உறைவிடப் பள்ளியில் அவருடைய நீண்ட கூந்தலைப் பிடித்து வெட்டிய நாள். இரண்டாம் பாதி, நம் பாமாவின் ‘கருக்கு’. 1992இல் தமிழில் வந்து, 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போன நூல். தமிழ் தலித் பெண் ஒருத்தியின் எழுத்தை டெல்லியிலும் போபாலிலும் உள்ள பிள்ளைகள் பாடமாகப் படிப்பது சின்ன விஷயமில்லை. அதை அங்கே சேர்த்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுகிறேன்.

கதை உங்களுக்குத் தெரியும். பள்ளி விட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வருகிற சிறுமி, தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கயிற்று நுனியில் தூக்கிப் பிடித்தபடி போய் முதலாளியிடம் கொடுப்பதைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவர் தொட்டால் தீட்டு, அதனால்தான் அப்படி என்று அண்ணன் விளக்குகிறார். சிரிப்பு நின்றுபோகிறது. அண்ணன் தன் அனுபவத்தையும் சொல்கிறார். நூலகத்திலிருந்து திரும்பும் வழியில் முதலாளியின் ஆள் ஒருவன் மரியாதையாகப் பெயர் கேட்டுவிட்டு, அடுத்து எந்தத் தெரு என்று கேட்டிருக்கிறான். தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். கோயம்புத்தூரில் இரட்டைமலையார் ஓடி ஒளிந்த கேள்வி இதேதான்.

பாடத்தின் முன்னுரையைப் பாருங்கள். விளிம்புநிலைச் சமூகங்களைச் சேர்ந்த இரு பெண்கள், மையநீரோட்டப் பண்பாட்டோடு தங்களுக்கு இருந்த உறவைப் பற்றிச் சிந்திக்கிறார்கள் என்று பொருள்படச் சொல்கிறது. பாட இறுதிக் கேள்வியும், தொலைவில் உள்ள இரண்டு பண்பாடுகளைச் சேர்ந்த இவ்விரு அனுபவங்களில் பொதுவாக இருப்பது என்ன என்று கேட்கிறது. பண்பாடு என்ற இந்தச் சொல்லில்தான் எனக்கு வழக்கு. ஜிட்கலா-ஸாவுக்கு அது பொருந்தும். அவருடைய மொழி வேறு, உடை வேறு, கூந்தலுக்கு அவர்கள் சமூகத்தில் இருந்த பொருள் வேறு. ஒரு பண்பாட்டை இன்னொன்று கத்தரியால் வெட்டியது. பொட்டலம் தூக்கிய பெரியவருக்கும் அந்த முதலாளிக்கும் நடுவில் இருப்பது பண்பாட்டு வேற்றுமையா? இருவரும் ஒரே ஊர், ஒரே தமிழ், ஒரே களம். களத்தில் நெல் அடிக்கிறவர் ஒருவர், அந்த நெல்லுக்குச் சொந்தக்காரர் இன்னொருவர். சாதியைப் பண்பாடு என்று மொழிபெயர்த்த உடனே நிலமும் கூலியும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. செயப்பாட்டு வினையில் செய்தவர் மறைவது போலத்தான். அதற்கு மேல் ‘நினைவுகள்’ என்ற தலைப்பும் சேர்ந்தால், எல்லாம் எப்போதோ நடந்து முடிந்தது என்றாகிவிடுகிறது. எந்தத் தெரு என்ற கேள்வி இன்று வாடகை வீடு பார்க்கப் போகிற ஒவ்வொரு தொழிலாளிக்கும் காத்திருக்கிறது என்பதை மறைமலைநகரில் ரூம் தேடியவர்களிடம் கேளுங்கள்.

பாடம் எங்கே முடிகிறது என்பதும் பார்க்கவேண்டியது. நன்றாகப் படி, படிப்பில் முந்தினால் தானாகவே உன்னைத் தேடி வருவார்கள் என்று அண்ணன் சொல்ல, சிறுமி வெறியோடு படித்து வகுப்பில் முதலாவதாக வர, பலர் நண்பர்களாகிறார்கள். முற்றும். கைடுகள் இதைப் பிடித்துக்கொண்டன: கல்வியே ஆயுதம், உழைப்பால் உயர்ந்தார் பாமா, ஆறு மார்க். ‘கருக்கு’ அங்கே முடியவில்லை. அதே நூலில் தொடர்ந்து வருவது, பள்ளித் தென்னைமரத்திலிருந்து விழுந்த காயைத் திருடினாள் என்று அந்தச் சிறுமிமீது பழி போட்டு, எல்லோர் முன்னாலும் தலைமையாசிரியர் சாதியைச் சொல்லித் திட்டுகிற காட்சி. படித்து, வேலைக்குப் போய், பிறகு கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏழு வருடம் கழித்து வெளியேறி, கையில் எதுவும் இல்லாமல் நின்றபோது எழுதிய நூல் அது. படிப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கை எப்படி உடைந்தது என்று சொல்கிற நூலிலிருந்து, அந்த நம்பிக்கை பிறந்த பக்கத்தை மட்டும் கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். கூந்தலை வெட்டியதைப் பற்றிய பாடத்தின் பக்கத்திலேயே இது நடந்திருக்கிறது.

பாடநூலில் எல்லாவற்றையும் போட முடியாது, எங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும். அது எனக்கும் தெரியும். எந்த இடத்தில் வெட்டினார்கள் என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்று. அந்தப் பாடத்தில் அவர் வெறும் ‘அண்ணன்’. பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் என்பது இந்த அவைக்குத் தெரியும். ‘தலித் பண்பாடு’ம் ‘சிலுவைராஜ் சரித்திர’மும் எழுதியவர். சங்க இலக்கியத்தையும் அயோத்திதாசரையும் நம் கண்ணால் படிக்கக் கற்றுக்கொடுத்தவர். 2024 நவம்பரில் நம்மை விட்டுப் போனார். படி என்று அந்த வீட்டில் சொல்லப்பட்ட சொல்லுக்கு என்ன பொருள் இருந்தது என்று அறிய அவருடைய நூல்களைத்தான் பார்க்கவேண்டும். வகுப்பில் முதலிடம் வாங்கி நண்பர்களைச் சம்பாதிப்பதற்காக மட்டும் யாரும் தொல்காப்பியத்தை அப்படிக் குடைந்து படிப்பதில்லை.

மாநிலப் பாடநூலில் நம்மவர் யாருமே இல்லையா என்று கேட்பீர்கள். பதினொன்றாம் வகுப்பில் மேரி கோம் வருகிறார், அண்ணாவின் பட்டமளிப்பு உரை வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ ஆங்கிலத்தில் வருகிறது. கரிசல் மண்ணின் குறும்பு ஆங்கிலத்திலும் ஓரளவு நிற்கிறது, நல்ல தேர்வு. ஊரில் ஒரு வீட்டுக்கு முதன்முதலாக நாற்காலி வர, செத்தவரை உட்கார வைக்க அதை ஊரே இரவல் கேட்கிற கதை. சிரித்துக்கொண்டே நடத்தலாம். நான் நடத்தியபோது ஒருமுறைகூட, உயிரோடு இருக்கும்போதே நாற்காலியில் உட்கார விடாமல் தடுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசியதில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான நம் சகோதரி தரையில் உட்கார்ந்திருந்த படம் பத்திரிகைகளில் வந்த பிறகுதான், அந்தக் கதையை நான் பாதியாகவே நடத்தியிருக்கிறேன் என்று உறைத்தது.

2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பட்டப்படிப்பிலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் மகாஸ்வேதா தேவியின் ‘திரௌபதி’யையும் நீக்கியபோது நாம் கண்டித்தோம். சரியான கண்டனம்தான். ஆனால் நீக்கும்போது மட்டும்தான் நமக்குக் கோபம் வருகிறது. சேர்க்கும்போது எப்படிச் சேர்க்கிறார்கள், முன்னுரையில் என்ன எழுதுகிறார்கள், எந்தப் பக்கத்தோடு நிறுத்துகிறார்கள், என்ன கேள்வி கேட்கிறார்கள் என்று நாம் உட்கார்ந்து பார்ப்பதில்லை. உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், பாங்கா கிராமத்தில், 2010இல் ஆங்கில தேவிக்குக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். சந்திரபான் பிரசாத் முன்னெடுத்தது. மெக்காலே பிறந்தநாளையும் கொண்டாடுகிறவர் அவர். எனக்கு அதில் பாதி உடன்பாடு. ஆங்கிலம் நமக்கு வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தேவியிடம் யாரும் பென்சிலை எடுத்துக்கொண்டு போய்க் கேள்வி கேட்க முடியாது. பாடப்புத்தகத்திடம் கேட்கலாம்.

மாலை வகுப்பை இப்போது மறுபடியும் நடத்துகிறோம். சனி, ஞாயிறு மட்டும். கம்பெனி ஷிப்டில் இருக்கிற பிள்ளைகளும் வருகிறார்கள், சிலர் தூங்கியும் விடுகிறார்கள், எழுப்புவதில்லை. ‘கருக்கு’ தமிழில் ஆறு படியும் ஆங்கிலத்தில் இரண்டு படியும் வாங்கி வைத்திருக்கிறோம். விஸ்டாஸ் பாடம் முடிகிற வரியில் ஒரு காகிதத்தைச் செருகி, அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறோம். போன வாரம் தென்னைமரம் வரை வந்தோம். தமிழில் ஒருவர் ஒரு பத்தி, ஆங்கிலத்தில் ஒருவர் அதே பத்தி. பாமாவின் தமிழ் பிள்ளைகளுக்குச் சிரமமே இல்லை, எங்க ஆயா பேசுற மாதிரியே இருக்குது சார் என்கிறார்கள். ஆங்கிலத்துக்கு வந்தால் அந்த ஆயாவின் குரல் கொஞ்சம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஆகிவிடுகிறது. எந்தச் சொல்லில் அப்படி ஆகிறது என்று அவர்களே தேடிக் கோடு போடுகிறார்கள். ஆசிரியரின் பென்சில்களில் இன்னும் நாலு மீதி இருக்கின்றன. வரும் சனிக்கிழமை ஐந்து மணிக்கு, மடம் பற்றிய பகுதி.